வாசலில் நிற்கும் காரை வெயிலிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

வேலூரில் எங்கள் வீட்டுக்கு ஷெட் கிடையாது. பதினைந்து வருஷமாகக் கார் தெருவில்தான் நிற்கிறது. முதல் கார் சிவப்பு நிறம். வாங்கிய நாலாவது கோடையில் கூரையில் ஓர் இடம் மங்கியது. அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. ஆறாவது வருஷம் பானட் ஓரத்தில் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தோல் எழும்பியது. நகம் பட்டால் உரிந்து வந்தது. பெயின்டரிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கிளியர் போயிடுச்சுங்க, இனிமே பாலிஷ் போட்டாலும் நிக்காது" என்றார். பானட், கூரை, டிக்கி மூன்றுக்கும் மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று.

இப்போதைய கார் அதே தெருவில், அதே வெயிலில் எட்டு வருஷமாக நிற்கிறது. பெயின்ட் இன்னும் கம்பெனி பெயின்ட்தான். பெரிய செலவு எதுவும் செய்யவில்லை, சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். முதல் முறையாகக் கார் வாங்கி, நிறுத்த இடமில்லாமல் வெளியில் விடுகிறவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

வெயில் எதைக் கெடுக்கிறது?

காரின் நிறத்துக்கு மேலே நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதுதான் கிளியர் கோட். பளபளப்பு, வழவழப்பு, வெயிலைத் தாங்கும் சக்தி எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதன் தடிமன் பெரும்பாலான கார்களில் 40 முதல் 50 மைக்ரான்தான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் இந்தப் பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்குவதால் அது மேலும் தளர்கிறது. வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் கூரையும் பானட்டும் முதலில் போவது இதனால்தான். கதவுகள் அநேகமாகத் தப்பித்துக்கொள்ளும்.

உள்ளே நடப்பது வேறு கதை. கண்ணாடி வழியாக வெளிச்சம் நுழைந்து டாஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அந்தச் சூடு திரும்ப வெளியே போக வழியில்லை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் 1 மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸைத் தொட்டது. நிழலில் நின்றவற்றில் 48 டிகிரிதான். ஸ்டீயரிங் வெயிலில் 53, நிழலில் 42. நிழல் ஒன்று மட்டுமே டாஷ்போர்டில் 20 டிகிரிக்கு மேல் குறைக்கிறது என்றால், எதற்கு முதல் இடம் கொடுக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

இன்னும் கார் வாங்காதவர்கள் நிறத்தையும் யோசியுங்கள். கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் ஒரே மாடலில் கறுப்பு, சில்வர் கார்கள் இரண்டை வெயிலில் நிறுத்தி அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், சில்வர் காரின் கூரைச் சூடு 25 டிகிரி வரை குறைவாகவும், உள்ளே காற்று 5, 6 டிகிரி குறைவாகவும் இருந்தது. வெளியில்தான் நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்தால் வெள்ளை அல்லது சில்வர் எடுங்கள். சிவப்பு மிக அழகுதான், ஆனால் வெளுத்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

முதலில் தெருவின் நிழலைப் பாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்கு, 12 மணிக்கு, 3 மணிக்கு என மூன்று தடவை தெருவில் இறங்கி நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் இந்த அரை நாள் கவனத்தில்தான் இருக்கிறது.

தெரு வடக்கு தெற்காகப் போனால் காலையில் கிழக்கு வரிசை வீடுகளை ஒட்டி நிழல் இருக்கும். மதியத்துக்கு மேல் மேற்கு வரிசை வீடுகளை ஒட்டி விழும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் காருக்கு மேற்கு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலைத் தாங்கிவிடலாம், 2 மணி வெயில்தான் கொடுமை. தெரு கிழக்கு மேற்காகப் போனால் ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது தெற்கு வரிசை வீடுகளின் நிழல் பகலெல்லாம் கிடைக்கும்.

கோடையில் இந்தக் கணக்கு உச்சிவேளையில் உதவாது. ஏப்ரல் 10-ஐ ஒட்டிக் கன்னியாகுமரியிலும், ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மதியம் 12 மணிக்குச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் நிழல் அதன் காலடியிலேயே நின்றுவிடும். சித்திரை, வைகாசியில் மேலே ஏதாவது இருந்தால்தான் நிழல். அதற்கு மரம் வேண்டும், இல்லாவிட்டால் பந்தல்.

நிழலே கிடைக்காத இடமா? வாரம் ஒரு முறை காரைத் திருப்பி நிறுத்துங்கள். மேற்கு பார்த்து நின்ற பக்கம் அடுத்த வாரம் கிழக்கு பார்க்கட்டும். ஒரே பக்கம் தொடர்ந்து காய்ந்தால் அந்தப் பக்கத்து பம்பரும் சைடு மிரர் மூடியும் மட்டும் வெளுத்து, காரே இரண்டு நிறமாகத் தெரியும்.

எல்லா மரமும் நல்ல மரம் அல்ல

நான் கண்டதில் காருக்கு ஏற்ற மரம் புங்கை. கோடையில் மற்ற மரங்கள் வாடும்போது அது புதுத் தளிர் விட்டு அடர்த்தியாக நிற்கும். பூ உதிர்ந்தாலும் பெருக்கினால் போய்விடும். வேம்பும் நல்லதுதான், ஆனால் பழம் பழுக்கும் நாட்களில் பறவைகள் கூடும், எச்சமும் கூடும்.

தூங்குமூஞ்சி மரத்தடி பார்க்கக் குளுகுளுவென்று இருக்கும். நம்பி நிறுத்தினால் சாயங்காலம் கண்ணாடி முழுக்கப் பிசுபிசு. சாறு உறிஞ்சும் பூச்சிகள் மேலிருந்து தெளிப்பது அது. அதன்மேல் தூசி ஒட்டி, வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், தேய்த்தால் கீறல் விழும். நாவல் மரம் ஆனி, ஆடியில் ஆகவே ஆகாது, ஊதாக் கறை லேசில் போகாது. நாட்டு வாதுமைக்கு இரவில் வௌவால் வரும். முருங்கையும் மயில்கொன்றையும் காற்றுக்குச் சட்டென்று கிளை முறியும். தென்னைக்குக் கீழே நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புளியமரத்தின் பிரச்சினை பலருக்குத் தெரியாது. அதன் பொடி இலைகள் முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடைக்குள் இறங்கி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் கால்மிதியில் தண்ணீர் தேங்கினால் முதலில் அங்கே கை விட்டுப் பாருங்கள்.

மரமே இல்லை, ஆனால் வீட்டு வாசலில் கொஞ்சம் சொந்த இடம் இருக்கிறது என்றால் நர்சரிக்காரர்கள் பயன்படுத்தும் பச்சை வலை வாங்கி நாலு கம்பத்தில் இழுத்துக் கட்டலாம். 50, 75, 90 சதவீத நிழல் தருவதாகப் பல ரகம் உண்டு. 75 நல்ல நடுத்தரம். காரின் கூரைக்கும் வலைக்கும் நடுவே மூன்று அடியாவது காற்றோட்டம் விடுங்கள். தகரக் கூரையைத் தாழ்வாகப் போட்டால் தகரமே சுட்டு, அந்தச் சூட்டைக் காருக்கு அனுப்பும். தெருவில் கம்பம் நட முடியாது, அது பொது இடம்.

கண்ணாடி

முன் கண்ணாடிக்கு உள்ளே வைக்கும் வெள்ளி நிற மடக்கு சன் ஷேடு ஒன்று வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் பொருட்களில் விலைக்கு அதிகப் பலன் தருவது இதுதான். உங்கள் கார் மாடலுக்கென்று வெட்டியதாக இருக்கட்டும். ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விட்டாலும் அந்தக் கோட்டில் வெயில் டாஷ்போர்டைச் சுடும். பளபளக்கும் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். குடை மாதிரி விரிகிற ரகத்தில் கம்பி நுனி டச் ஸ்கிரீனில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன் கண்ணாடியில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு இருப்பதால் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான கார்களில் பக்கக் கண்ணாடிக்கு அந்த ஏடு கிடையாது. ஆகவே பின் சீட்டுத் துணி வெளுப்பது பக்கத்திலிருந்து வரும் வெயிலால்தான். நிறுத்தும்போது பக்கக் கண்ணாடிகளுக்கு வலை மாட்டுங்கள், ஓட்டும்போது கழற்றிவிடுங்கள்.

ஃபிலிம் ஒட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 100-ஆவது விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதற்கே தடை போட்டது. பிறகு விதி திருத்தப்பட்டது. அந்த அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் சொன்னது. ஆனாலும் சாலையில் நிறுத்திக் கேட்பார்கள். ஒட்டுவதானால் அளவு அச்சிட்ட சான்றிதழோடு ஒட்டி, அதைக் காரிலேயே வையுங்கள். கறுப்பு ஃபிலிம் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். சூட்டைத் தடுப்பதற்குக் கறுப்பாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பாடி கவர்: எப்போது நல்லது, எப்போது கெடுதல்

கவர் போட்டால் கார் பத்திரம் என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். ஒரு மாதத்தில் பானட் முழுக்க மெல்லிய கீறல்கள். காரணம் எளிது: கார்மேல் தூசி, தூசிமேல் கவர், கவரை ஆட்டும் ஆடிக் காற்று. மூன்றும் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

ஆகவே தினமும் எடுக்கிற காருக்கு முழுக் கவர் வேண்டாம். கூரையையும் கண்ணாடிகளையும் மட்டும் மூடும் அரைக் கவர் போதும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் அசையாமல் நிற்கப் போகிறதென்றால் முழுக் கவர் போடுங்கள், அதுவும் காரைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எஞ்சின் சூடு ஆறிய பிறகு. ஈரத்தோடு மூடினால் உள்ளே புழுங்கி வெள்ளைத் திட்டு விழும், கதவோர ரப்பர் பீடிங்கில் பூஞ்சை பிடிக்கும். உட்புறம் மென்மையான துணி வைத்தது, சைடு மிரருக்குப் பை உள்ளது, வயிற்றுக்கடியில் பட்டை கட்டுவது என்று பார்த்து வாங்குங்கள். மலிவான ஒற்றைத் துணி ரகம் ஒரு கோடையில் நைந்து, பொடிப்பொடியாகக் காரிலேயே உதிரும்.

கழற்றும்போது இழுக்காதீர்கள். இரண்டு பக்கத்தையும் கூரைமேல் மடித்துப் போட்டு, முன்னிருந்து பின்னுக்குச் சுருட்டுங்கள். வெளிப்பக்கத் தூசி உட்பக்கத்தில் படக் கூடாது. அப்புறம், கவருக்கடியில் எலி குடியேறும். நீண்ட நாள் நிறுத்தினால் வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள்.

கழுவுவதும் வாக்ஸ் போடுவதும்

காலை 7 மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பின் கழுவுங்கள். பானட்டில் உள்ளங்கையை வையுங்கள், சூடு தெரிந்தால் அப்போது வேண்டாம். எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. சூடான பானட்டில் ஒரு துளி விழுந்தால் சில விநாடியில் காய்ந்து, சுண்ணாம்பு மோதிரம் மாதிரி ஒரு வெள்ளை வட்டத்தை விட்டுப் போகும். அடுத்த நாள் வெயிலில் அது இன்னும் இறுகும். உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைத்து, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஏற்கெனவே போட்ட வாக்ஸை, அதாவது பெயின்ட்மேல் பூசிய மெழுகைக் கரைத்துவிடும். கார் ஷாம்பு ஒரு பாட்டில் மாதக் கணக்கில் வரும்.

வாக்ஸ் போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கழுவிய காரை நிழலில் நிறுத்துங்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவு வாக்ஸை ஸ்பாஞ்சில் எடுத்து, ஒரு பேனலுக்கு (கதவு, பானட் மாதிரி ஒரு பகுதிக்கு) மெல்லியதாகப் பூசுங்கள். விரலால் தொட்டால் பொடியாக வரும் வரை விட்டு, சுத்தமான துணியால் துடைத்து எடுங்கள். அப்புறம் அடுத்த பேனல். கூரைக்கும் பானட்டுக்கும் இரண்டு தடவை. நம் வெயிலுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. தண்ணீர் தெளித்தால் தாமரை இலை மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது என்று பொருள். பரந்து படிந்தால் போட வேண்டிய நேரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாக்ஸ் வேறு, ரப்பிங் பாலிஷ் வேறு. வாக்ஸ் மேலே ஒரு படலம் சேர்க்கும். ரப்பிங், கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுத்துத்தான் பளபளப்பைக் கொடுக்கும். ஒவ்வொரு சர்வீஸிலும் "பாலிஷ் போட்டுத் தரவா?" என்று கேட்பார்கள். என் முதல் கார் அப்படித்தான் வருஷத்துக்கு இரண்டு முறை பளபளவென்று திரும்பி வந்தது. தலைமுடியைவிட மெல்லிய பூச்சில் எத்தனை தடவை சீவ முடியும்? கீறல் நிஜமாகவே இருந்தால் மட்டும், அந்த இடத்துக்கு மட்டும் போடச் சொல்லுங்கள்.

செராமிக் கோட்டிங் வாக்ஸைவிட நீண்ட நாள் நிற்கும், கழுவுவதும் சுலபம். கையில் பணம் இருந்தால் போடலாம். ஆனால் அதைப் போட்டுவிட்டு எச்சத்தை நாலு நாள் விட்டுவைத்தால் அதுவும் தாங்காது.

காக்கை எச்சமும் பூஜைச் சந்தனமும்

வெயிலில் கிளியர் கோட் கொஞ்சம் இளகியிருக்கும். எச்சம் அப்போது அதில் பதிந்து, இரவில் பூச்சு இறுகும்போது அந்தத் தடமே தங்கிவிடும். கோடையில் ஒரே நாளில்கூடத் தடம் விழுந்து பார்த்திருக்கிறேன். கதவுப் பையில் ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலும் இரண்டு பழைய பனியன் துணியும் எப்போதும் இருக்கட்டும். துணியை நனைத்து எச்சத்தின் மேல் போட்டு ஐந்து நிமிஷம் ஊற விடுங்கள். பிறகு தேய்க்காமல் அள்ளி எடுங்கள். காய்ந்த எச்சத்தில் மணல் இருக்கும், சுரண்டினால் கோடு விழும்.

ஆயுத பூஜைக்குப் பானட்டில் வைக்கும் சந்தனம் குங்குமத்தை அன்று சாயங்காலமே ஈரத்துணியால் எடுத்துவிடுங்கள். விட்டால் வெள்ளைக் காரில் இளஞ்சிவப்பு வட்டம் மாதக் கணக்கில் நிற்கும். வேண்டுமென்றால் நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வையுங்கள், சாமி குறை சொல்லாது.

உள்ளே

டாஷ்போர்டுக்கு எண்ணெய்ப் பளபளப்பு தரும் பாலிஷ் வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். தூசி ஒட்டும், முன் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும். தண்ணீர் அடிப்படையிலான, மினுமினுப்பு இல்லாத, புற ஊதாத் தடுப்பு உள்ள திரவம் கிடைக்கிறது. மாதம் ஒரு முறை துடைத்தால் போதும். டாஷ்போர்டில் வைக்கும் ஜெல் சென்ட் பாட்டில் கவிழ்ந்தால் அந்தத் திரவம் பிளாஸ்டிக்கையே அரிக்கும். அதை ஏசி துவாரத்தில் மாட்டும் ரகமாக மாற்றுங்கள்.

பவர் பேங்க், லைட்டர், பாடி ஸ்பிரே, சானிடைசர், மருந்து மாத்திரை எதையும் வெயிலில் நிற்கும் காரில் விடக் கூடாது. குழந்தையை ஐந்து நிமிஷத்துக்குக்கூட விடவே கூடாது. 2005-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்தபோது, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசமில்லை.

சுட்டுக்கிடக்கும் காரில் ஏறும்போது எதிர்ப்பக்க ஜன்னல் ஒன்றை இறக்கிவிட்டு, இந்தப் பக்கக் கதவை ஐந்தாறு தடவை விசிறி மாதிரி திறந்து மூடுங்கள். பிறகு ஜன்னல்களைத் திறந்தபடி ஒரு நிமிஷம் ஓட்டி, ஏசியை வெளிக்காற்று நிலையில் போட்டு, சூடு போனதும் உட்காற்றுக்கு மாற்றுங்கள்.

ரப்பர், பேட்டரி, ஹெட்லைட்

வைப்பர் ரப்பர் வெயிலில் கட்டையாகும், மழைக்கு முன் மாற்றிவிடுங்கள். கதவு பீடிங்கை மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கவும். டயர் காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், சூட்டில் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பட்டன் (தரையில் படும் மேடுபள்ளம்) தேயாவிட்டாலும் டயர்க்காரரிடம் காட்டுங்கள். பேட்டரியைக் கெடுப்பதில் சூட்டுக்கு முதலிடம், தண்ணீர் ஊற்றும் ரகமாக இருந்தால் கோடையில் மாதம் ஒரு முறை மட்டம் பாருங்கள்.

ஹெட்லைட் மஞ்சளாவதும் வெயிலால்தான். பேஸ்ட் தேய்த்தால் தெளிவாகும், ஆனால் பழைய பாதுகாப்புப் பூச்சு போய்விட்டதால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளாகும். தேய்த்த பின் புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் அடித்தால்தான் நிற்கும்.

ஏற்கெனவே உரிய ஆரம்பித்துவிட்டதா?

வாக்ஸ், செராமிக் எதற்கும் செலவு செய்யாதீர்கள், உரிந்த கிளியர் திரும்ப ஒட்டாது. வாட்டர் சர்வீஸில் அந்த ஓரத்தில் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அடித்தால் உள்ளங்கை அளவு ஒரேயடியாகப் பெயரும். முழுக் காருக்கும் அடிக்கத் தேவையில்லை, பாதித்த பேனலுக்கு மட்டும் போதும். பழைய கிளியரை முழுசாகத் தேய்த்து எடுத்த பிறகுதான் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பெயின்டரிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். உரிந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் அந்த ஓரத்திலிருந்து மறுபடி எழும்பும். புது கிளியர் உள்வரை காய ஒரு மாதமாவது ஆகும். அதுவரை வாக்ஸும் வேண்டாம், கவரும் வேண்டாம், நிழலில் மட்டும் நிறுத்துங்கள்.